விலகிப்போக இடமில்லாத கடல்

(வீட்டுப் பவளத் தொட்டிக்கு மீனும் பவளமும் தேர்ந்தெடுப்பது பற்றித் திருவண்ணாமலையில் ஆற்றிய சொற்பொழிவு)



கடலோரத்திலிருந்து ஏறத்தாழ 100 கிலோமீட்டர் உள்ளே இருக்கும் ஊர் இது. இங்கே கடல் மீன் தொட்டியைப் பற்றிக் கேட்க இத்தனை பேர் வந்திருப்பது எனக்குப் பெரிய மகிழ்ச்சி. கப்பி, மோலி, தங்கமீன் வளர்க்கும் வீடுகள் இந்த ஊரில் நிறைய உண்டு. அவர்களில் சிலர் இப்போது ஆறடித் தொட்டி, உப்பு நீர், பவளம் என்று அடுத்த படிக்கு ஆசைப்படுகிறார்கள். என்னிடம் அவர்கள் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: எதோடு எது சேரும்?

இதற்குப் பட்டியல் ஒன்றைக் கொடுத்துவிட்டு நான் உட்கார்ந்துவிடலாம். ஆனால் கடைக்குப் போனால் பட்டியலில் இல்லாத மீன்தான் கண்ணில் படும். அதனால் பட்டியலுக்குப் பின்னால் இருக்கும் காரணத்தைச் சொல்ல விரும்புகிறேன். காரணம் பிடிபட்டுவிட்டால் பட்டியலை நீங்களே எழுதிக்கொள்வீர்கள்.

கடலில் பவளத்திட்டு ஒன்றைச் சுற்றி நூற்றுக்கணக்கான இன மீன்கள் வாழ்கின்றன. அவை ஒற்றுமையாக வாழ்கின்றன என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். அங்கே நாள் முழுக்கச் சண்டைதான். தன் பொந்துக்கு அருகே வந்தவனை ஒரு மீன் துரத்துகிறது. துரத்தப்பட்டது பத்தடி தள்ளிப்போய் அடுத்த பாறையில் ஒதுங்கிவிடுகிறது. சண்டை அதோடு முடிந்தது. கடலின் அமைதி என்பது இந்தப் பத்தடிதான்.

இப்போது தொட்டிக்கு வாருங்கள். 6 அடி நீளம், 2 அடி அகலம், 2 அடி உயரம் கொண்ட தொட்டி சுமார் 680 லிட்டர் தண்ணீர் பிடிக்கும். நம் கூடத்தில் அது பெரிய தொட்டி. மீனுக்கு அது ஒண்டிக் குடித்தனம். துரத்தப்பட்ட மீன் கண்ணாடியின் மூலைக்குப் போகும். அங்கும் துரத்தினால் போக வேறு இடமில்லை. இரண்டு நாள் இரை எடுக்காது, மூன்றாம் நாள் துடுப்பு கிழிந்திருக்கும், பிறகு உடம்பில் வெள்ளைப் புள்ளி விழும். 'மீன் நோயில் செத்தது' என்று நாம் சொல்வோம். அது செத்தது இடமில்லாமல்.

ஆகவே நான் சொல்ல வந்தது இதுதான்: விலகிப்போகும் இடத்தை அந்த உயிரிடமிருந்து நாம் எடுத்துக்கொள்கிறோம். அந்த இடத்துக்கு ஈடாக நாம் கொடுக்கக்கூடியது நம் தேர்வு ஒன்றுதான். பணம் கட்டுவதற்கு முன்பே அந்தத் தேர்வு முடிந்திருக்க வேண்டும்.

முதலில் நம் சொந்தப் பவளத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்கிறேன். பவளம் என்றதும் ஆஸ்திரேலியா நினைவுக்கு வருகிறது. ராமேசுவரத்துக்கும் தூத்துக்குடிக்கும் நடுவே, மன்னார் வளைகுடாவில், 21 தீவுகளைச் சுற்றி நமக்கே பவளத்திட்டுகள் இருக்கின்றன. 1986-ல் அவை கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டன. பரப்பு 560 சதுர கிலோமீட்டர். 1989-ல் அதைச் சுற்றி 10,500 சதுர கிலோமீட்டர் உயிர்க்கோளக் காப்பகமானது. தூத்துக்குடியின் சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிறுவனம் அங்கே 117 வகைக் கல்பவளங்களைப் பதிவுசெய்திருக்கிறது. அதற்கு முன்பே ராமேசுவரத்தை அடுத்த மண்டபத்தில், மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தில் இருந்த சி.எஸ். கோபிநாத பிள்ளை ஆண்டுக்கணக்கில் அந்தப் பவளங்களை இனம் பிரித்து எழுதிவைத்தார். உலகப் பவளப்பாறை அறிஞர்கள் நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை கூடுகிறார்களே, அந்த மாநாட்டு வரிசையில் முதலாவதாகக் கணக்கிடப்படுவது எங்கே நடந்தது தெரியுமா? 1969-ல், நம் மண்டபம் முகாமில். கடல் உயிர்களைத் தொட்டியில் வைத்துப் பொதுமக்களுக்குக் காட்டுவதும் நமக்குப் புதிதல்ல. சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டனின் முயற்சியால் மெரினாவில் 1909-லேயே மீன் காட்சியகம் திறக்கப்பட்டுவிட்டது.

பெருமைக்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. அதே மன்னார் வளைகுடாவில் சுண்ணாம்புக்காகவும் கட்டடத்துக்காகவும் பவளத்தை வெட்டி வெட்டி எடுத்தோம். பூவரசன்பட்டி, விலங்குசல்லி என்ற இரண்டு தீவுகள் இன்று தண்ணீருக்குள். பவளம் அலையைத் தடுத்துக்கொண்டிருந்தது. அது போனதும் அலை மண்ணைக் கொண்டுபோய்விட்டது. இந்த வரலாற்றைத் தெரிந்துகொண்டவருக்குச் சட்டம் ஏன் இத்தனை கடுமையாக இருக்கிறது என்பது தானாகப் புரியும்.

சட்டம் என்ன சொல்கிறது? 1972-ன் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் முதல் அட்டவணை என்று ஒன்று உண்டு. புலியும் யானையும் இருக்கும் அட்டவணை அது. 2001-ல் அதில் பாறை கட்டும் கல்பவளங்கள் அத்தனையும் சேர்க்கப்பட்டன. கருப்புப் பவளம், நெருப்புப் பவளம், குழல் பவளம், கடல் விசிறி எல்லாம் அதில் அடக்கம். கடல் குதிரையும் கடல் அட்டையும்கூட அந்த ஆண்டில் சேர்க்கப்பட்டன. உயிரோடு இருந்தாலும், செத்துக் காய்ந்த வெள்ளை எலும்பாக இருந்தாலும் சட்டத்துக்கு ஒன்றுதான். முதல் அட்டவணை உயிர் தொடர்பான குற்றத்துக்கு 3 ஆண்டு முதல் 7 ஆண்டு வரை சிறை. ராமேசுவரம் போய்வந்தபோது கடற்கரையில் பொறுக்கிய பவளத்துண்டைத் தொட்டியில் அழகுக்காகப் போட்டிருந்தால் அதுவும் இதில் வரும்.

'வெளிநாட்டுப் பவளம் சார், நம் ஊருடையது இல்லை' என்று விற்பவர் சொல்லலாம். கல்பவளங்கள் சைட்டீஸ் என்னும் பன்னாட்டு ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் இருக்கின்றன. ஏற்றுமதி செய்யும் நாட்டின் அனுமதித் தாள் இல்லாமல் அவை எல்லை தாண்டக் கூடாது. அந்தத் தாள் உங்கள் கண்ணுக்கு வராதவரை அது எங்கே வெட்டப்பட்டது என்பது யாருக்கும் தெரியாது. ஆகவே நம் ஊரில் வீட்டுத் தொட்டி வைப்பவருக்கு நான் சொல்வது: கல்பவளம் வேண்டாம். அமெரிக்கர்களும் ஜப்பானியர்களும் காட்டும் படங்களைப் பார்த்து ஏங்க வேண்டாம். மென்பவளங்களை வைத்தே கண் நிறையத் தொட்டி அமைக்கலாம். அதிலும் வளர்ப்புத் தொட்டியில் வெட்டிப் பெருக்கிய துண்டுகளை மட்டுமே, பில்லோடு வாங்குங்கள்.

தொட்டிக்குள் அடுக்கும் பாறைக்கும் இதே விதி. நுண்ணுயிர் குடியேறிய கடல் பாறையை 'லைவ் ராக்' என்று விற்பார்கள். அதில் பெரும்பாலும் பழைய பவளத்தின் எலும்புதான். அதற்குப் பதில் துளைகள் நிறைந்த செராமிக் பாறை கிடைக்கிறது. கழிவை முறிக்கும் நுண்ணுயிர்கள் அதிலும் குடியேறும். நான்கு முதல் ஆறு வாரம் பொறுக்க வேண்டும், அவ்வளவுதான். மீனின் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவை ஒருவகை நுண்ணுயிர் நைட்ரைட் ஆக்குகிறது. இன்னொரு வகை அதை நைட்ரேட் ஆக்குகிறது. சோதனைக் குப்பியில் அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யம் காட்டும்வரை தொட்டியில் ஒரு மீனும் வேண்டாம். முதல் உயிருக்குச் சேர வேண்டிய துணை இந்த நுண்ணுயிர்தான். கண்ணுக்குத் தெரியாத அது இல்லாவிட்டால் மற்ற எந்தச் சேர்க்கையும் நிற்காது.

அடுத்தது தண்ணீரும் வெயிலும். நம் ஊர்ப் போர்வெல் தண்ணீர் பாறை இடுக்கிலிருந்து வருகிறது, கடினத்தன்மை அதிகம். குழாயில் வரும் குடிநீரில் குளோரின் இருக்கும். இரண்டையும் நேராக ஊற்ற முடியாது. ஆர்.ஓ. எடுத்து, அதற்கு மேல் அயனி நீக்கும் வடிகட்டியிலும் விட்டு, டி.டி.எஸ். மீட்டர் பூஜ்யம் காட்டிய தண்ணீரில்தான் உப்பைக் கரைக்க வேண்டும். சமையல் உப்பு ஆகாது. கடல் நீரின் தாதுக்கள் எல்லாம் சேர்த்து மீன் தொட்டிக்கென்றே செய்த உப்பு வேண்டும். லிட்டருக்கு 35 கிராம் கணக்கு. 680 லிட்டருக்கு ஏறத்தாழ 24 கிலோ. வாரம் பத்தில் ஒரு பங்கு தண்ணீர் மாற்றினால் ஒவ்வொரு முறையும் சுமார் இரண்டரைக் கிலோ உப்பு. இந்தச் செலவை முதலிலேயே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். ஆவியாகிக் குறையும் தண்ணீருக்கு மட்டும் உப்பில்லாத தண்ணீரை ஊற்ற வேண்டும். ஆவியாவது தண்ணீர், உப்பு தொட்டியிலேயே தங்கிவிடுகிறது.

வெயிலைப் பற்றி இந்த ஊர்க்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. சித்திரையில் மலையின் பாறை சூடேறி இரவெல்லாம் அனல் அடிக்கும். பவளத் தொட்டிக்கு 25 முதல் 27 டிகிரி செல்சியஸ் வேண்டும். கடல் நீர் பல வாரம் தொடர்ந்து 30 டிகிரியைத் தாண்டிச் சூடாக இருந்தால் பவளம் வெளுத்துப்போகிறது. பவளத்தின் சதைக்குள் நுண்பாசிகள் குடியிருக்கின்றன. வெளிச்சத்தில் உணவு சமைத்துப் பவளத்துக்கு ஊட்டுபவை அவை. சூடு தாங்காமல் அந்தக் கூட்டு முறிந்தால் பாசி வெளியேறுகிறது, நிறம் போகிறது, பவளம் பட்டினி கிடக்கிறது. மன்னார் வளைகுடாவில் 2010-லும் 2016-லும் 2024-லும் இது நடந்தது. ஏப்ரல், மே மாதத்தில் மொட்டைமாடிக்குக் கீழ் அறையில் வைத்த தொட்டியிலும் இதுவேதான் நடக்கும். கீழ்த்தளத்தில், மேற்கு வெயில் படாத சுவரோரம் தொட்டியை வையுங்கள். தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லர் வாங்க முடிந்தால் வாங்குங்கள். உள்நாட்டு ஊரில் நமக்கு ஒரு சாதகம் உண்டு. இங்கே கோடைக் காற்று வறண்டது. தண்ணீர்ப் பரப்பின் மேல் விசிறி ஓடவிட்டால் ஆவியாதல் வேகமாகி இரண்டு மூன்று டிகிரி குறையும். சென்னையின் புழுக்கத்தில் அந்த அளவு குறையாது. கடுங்கோடையில் விசிறி மட்டும் போதாது என்பதையும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். மின்சாரம் போனால் ஓட பேட்டரிக் காற்றுப் பம்பு ஒன்று கட்டாயம் இருக்க வேண்டும். சூடான தண்ணீரில் ஆக்சிஜன் குறைவு. இரவில் பாசியும் பவளமும்கூட ஆக்சிஜனைத்தான் எடுத்துக்கொள்கின்றன.

இனி மீனுக்கு வருவோம். மீனைத் தேர்ந்தெடுக்கும்போது நான்கு விஷயம் பாருங்கள்: வளர்ந்தபின் எத்தனை நீளம், எதைத் தின்னும், எந்த இடத்தைத் தனதென்று பிடிக்கும், எங்கே பிறந்தது.

நீளத்தைக் கடையில் பார்க்க முடியாது. பேரரசு ஏஞ்சல் என்னும் எம்பரர் ஏஞ்சல் குஞ்சில் நீலத்தில் வெள்ளை வளையம் போட்டு உள்ளங்கையில் அடங்கும். வளர்ந்தால் மஞ்சள் கோடுகளோடு 40 சென்டிமீட்டர் வரும். நீல டாங் என்று குழந்தைகள் கேட்கும் மீன் 30 சென்டிமீட்டர் வரும். நாள் முழுக்க நீந்தும் மீன். ஆறடித் தொட்டி அதற்கு ஆறு வீச்சு. இவை இரண்டையும் வேண்டாம் என்று சொல்லுங்கள்.

எதைத் தின்னும் என்பதை மண்டபம், பாம்பன் மீனவர்களிடம் கேட்டால் மணி மணியாகச் சொல்வார்கள். களவா தன் வாயில் அடங்குவதையெல்லாம் விழுங்கும். அஞ்சாலை இரவில் இரை தேடிக் கிளம்பும். கிளாத்தியும் பேத்தையும் நண்டு, இறால், சிப்பியை உடைத்துத் தின்னவே பல் படைத்தவை. கிளிமீன் பாறையையே சுரண்டித் தின்று மணலாக வெளியேற்றும். வண்ணத்துப்பூச்சி மீன்களில் பல இனங்களுக்குப் பவளத்தின் சதைதான் உணவு. அவற்றைப் பவளத் தொட்டியில் விட்டால் பவளம் போகும், பவளம் இல்லாத தொட்டியில் விட்டால் மீன் பட்டினியில் போகும். துப்புரவு மீன் என்று விற்கப்படும் கிளீனர் ராஸ் மற்ற மீன்களின் உடலிலிருக்கும் ஒட்டுண்ணியை நம்பி வாழ்கிறது. சில மீன்கள் மட்டும் உள்ள வீட்டுத் தொட்டியில் அதற்கு வயிறு நிறையாது. அதே வேலைக்குத் துப்புரவு இறால் வாங்குங்கள். அது போடும் இரையையும் தின்னும். வண்ணம் அள்ளித் தெளித்த மாண்டரின் மீன் பாறையில் ஊரும் நுண் ஓட்டுடலிகளைத்தான் நாள் முழுக்கக் கொத்தும். தொட்டி ஒரு வருடமாவது பழகி, அந்த நுண் ஓட்டுடலிகள் பெருகியபின் அதை யோசிக்கலாம்.

மூன்றாவது, இடம் பிடிக்கும் குணம். விலை மலிவு, எளிதில் சாகாது என்று டேம்ஸல் மீன்களை முதலில் வாங்கி விடுகிறவர்கள் பலர். சிறு உடம்பு, பெரிய அதிகாரம். முதலில் குடியேறிய மூன்று புள்ளி டேம்ஸல் பாறை முழுவதையும் தனதென்று எடுத்துக்கொள்ளும். பின்னால் வரும் எந்தச் சாதுவான மீனையும் நிம்மதியாக விடாது. அதனால் வரிசை முக்கியம். சாதுவானது, சிறியது முதலில். வீம்பானது கடைசியில். ஒரே உருவம், ஒரே நிறம், ஒரே உணவு கொண்ட இரண்டு இனத்தைச் சேர்க்காதீர்கள். உருவம் ஒத்துப்போனால் போட்டி கூடும்.

நான்காவது, எங்கே பிறந்தது. இதைத்தான் யாரும் கேட்பதில்லை. மற்ற மூன்றையும்விட இது பெரிது என்பது என் எண்ணம். பொரிப்பகத்தில் பிறந்த மீன் முதல் நாளிலிருந்து மனிதன் போடும் இரையைத் தின்று வளர்ந்தது. தொட்டிச் சுவர் அதற்குப் பழக்கம். கடலிலிருந்து பிடித்துக்கொண்டு வந்த மீன் பிடிபட்ட அதிர்ச்சி, பயணம், பட்டினி எல்லாவற்றையும் சுமந்து வருகிறது, ஒட்டுண்ணியையும் கொண்டுவருகிறது. சேர்க்கை கெடுவதற்குப் பாதிக் காரணம் அங்கேயே இருக்கிறது.

இங்கேதான் நம் தமிழ்நாட்டுக்காரர்கள் நிமிர்ந்து உட்கார வேண்டும். கோமாளி மீனைத் தொட்டியில் இனப்பெருக்கம் செய்யும் முறையை மண்டபத்தில் மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனமும், பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் உயராய்வு மையமும் கற்று, மற்றவர்களுக்கும் கற்றுக்கொடுத்திருக்கின்றன. மண்டபத்தைச் சுற்றிய கடலோரக் குடும்பங்களுக்கு இது ஒரு வருமானமாகிவருகிறது. லட்சத்தீவின் அகத்தியில் பெண்கள் குழுவாகச் சேர்ந்து வண்ண மீனும் இறாலும் வளர்க்கிறார்கள். கோமாளிகளில் சேபே கோமாளி மன்னார் வளைகுடாவிலும் பாக் விரிகுடாவிலும் இயல்பாக வாழும் இனம். கருமை கலந்த உடம்பில் வெள்ளைப் பட்டையும் மஞ்சள் வாலும். நம் கடலின் மீன் அது.

ஒரு ஜோடி கோமாளியைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறீர்களா? பெரியது பெண். சிறியது ஆண். பெண் நெருங்கிவந்தால் ஆண் பக்கவாட்டில் சாய்ந்து உடம்பை நடுக்கிக் காட்டும். 'நீதான் பெரியவள்' என்று ஒப்புக்கொள்ளும் சைகை அது. அந்தச் சைகை இருக்கும்வரை சண்டை இல்லை. கோமாளிகள் எல்லாமே ஆணாகத்தான் தொடங்குகின்றன. பெண் இறந்துபோனால் ஆண் பெண்ணாக மாறிவிடும். அதனால் ஜோடி சேர்க்க ஆண், பெண் தேட வேண்டாம். அளவில் வேறுபட்ட இரண்டு குஞ்சுகள் போதும், பெரியது பெண்ணாகும். பருவம் வந்ததும் பாறையில் ஒரு கையகல இடத்தை இரண்டும் சேர்ந்து வாயால் சுத்தம் செய்யும். பெண் வரிசை வரிசையாக முட்டை ஒட்டும். போட்டவுடன் ஆரஞ்சு நிறம். ஆண் துடுப்பால் விசிறிக்கொண்டே இருக்கும். கெட்ட முட்டையைக் கவ்வி எடுத்துவிடும். ஆறு முதல் எட்டு நாளில் ஒவ்வொரு முட்டைக்குள்ளும் வெள்ளியாக இரண்டு கண் மின்னும். விளக்கணைந்த பிறகு இரவில் பொரியும். ஆறடித் தொட்டியில் இப்படி ஒரே ஒரு ஜோடி வையுங்கள். இரண்டாவது கோமாளி இனத்தைச் சேர்க்காதீர்கள்.

கோமாளிக்குக் கடல் சாமந்தி வேண்டாமா என்பார்கள். பொரிப்பகத்தில் பிறந்த கோமாளி கடல் சாமந்தி இல்லாமலே நன்றாக வாழும். கடல் சாமந்திக்குத்தான் வலுவான வெளிச்சமும் பழகிய தொட்டியும் வேண்டும். அது இடம் பிடிக்காவிட்டால் நகரும். நகரும் வழியில் பவளத்தைச் சுடும், பம்பில் சிக்கிக் கிழிந்து தண்ணீர் முழுவதையும் கெடுக்கும். கடலில் எடுக்கப்பட்டதாகவே அது பெரும்பாலும் வருகிறது. விட்டுவிடுவது நல்லது.

என் கணக்கில் ஆறடித் தொட்டிக்கு வளர்ந்த மீன் பத்துப் பன்னிரண்டுக்கு மேல் வேண்டாம். கோமாளி ஒரு ஜோடி. பங்காய் கார்டினல் ஒரு ஜோடி. இந்தோனேசியாவின் பங்காய் தீவுகளைத் தாயகமாகக் கொண்ட அந்த மீன் கடலில் அருகிவிட்டது, தொட்டியில் பிறந்ததை மட்டுமே வாங்குங்கள். ஆண் தன் வாயிலேயே முட்டையையும் குஞ்சையும் காக்கும். பச்சைக் குரோமிஸ் ஐந்து. மணலைக் காவல் காக்கும் கோபி ஒன்று, அதோடு வளை தோண்டும் பிஸ்டல் இறால் ஒன்று. கண்பார்வை மங்கிய இறால் மண்ணை அள்ளிக்கொண்டிருக்க, கோபி வாசலில் நின்று ஆபத்தைப் பார்த்து வாலால் தகவல் சொல்லும். இந்தக் கூட்டைப் பார்க்கவே தொட்டி வைக்கலாம். கடைசியாக, பாசியைச் சுரண்டித் தின்னும் சிறிய இன டாங் ஒன்றே ஒன்று. தொட்டிக்கு மேல் வலை மூடி அவசியம். பயந்த மீன் துள்ளித் தரையில் விழும்.

இப்போது பவளம். மீனுக்காவது கடலில் விலகிப்போக இடமிருந்தது. பவளம் கடலிலும் நகராது. ஒட்டிய இடத்தில் ஆயுசு முழுவதும் இருந்தாக வேண்டும். அதனால்தான் அது ஆயுதம் வைத்திருக்கிறது. கல்பவளங்கள் இரவில் நீண்ட கொடுக்குக் கரங்களை நீட்டிப் பக்கத்திலிருப்பதைச் சுடும். மென்பவளங்கள் கொடுக்கை நம்பாமல் நஞ்சை நம்புகின்றன. தண்ணீரில் வேதிப்பொருள் கலந்து அண்டையவரின் வளர்ச்சியை அடக்கும். கடலில் நீரோட்டம் அந்த நஞ்சை அள்ளிக்கொண்டு போய்விடும். தொட்டியில் அது சுற்றிச் சுற்றி வரும். ஆகவே ஆக்டிவேட்டட் கார்பன் வைத்து மாதாமாதம் மாற்றுங்கள்; வாராவாரம் தண்ணீர் மாற்றுவதற்கும் இது ஒரு காரணம்.

தோல் பவளம் எனப்படும் சார்கோஃபைட்டான், விரல் விரலாக வளரும் சினுலேரியா ஆகிய இரண்டும் தொடங்குபவருக்கு ஏற்றவை. இரண்டின் உறவுகளும் நம் மன்னார் வளைகுடாவிலேயே உண்டு. தோல் பவளம் சில நாள் சுருங்கி, மேலே மெழுகுபோல் ஒரு படலம் மூடிக் கிடக்கும். செத்துவிட்டது என்று எடுத்தெறியாதீர்கள். அது தோல் உரிக்கிறது. நீரோட்டம் கொஞ்சம் கூட்டினால் படலம் கழன்று மறுபடி மலரும். காளான் பவளத்துக்குக் குறைந்த வெளிச்சம் போதும், அடியில் வையுங்கள். தோல் பவளம் நடுவில். ஒவ்வொன்றுக்கும் இடையில் ஒரு சாண் இடைவெளி விடுங்கள். இன்றைய அளவுக்கு அல்ல, இரண்டு வருடம் கழித்து வரப்போகும் அளவுக்கு. துடிக்கும் ஜீனியாவும் பச்சை நட்சத்திரப் பவளமும் படரும் குணம் உள்ளவை. அவற்றை மணலின் நடுவே தனிப் பாறையில் தீவாக வையுங்கள். பெரும் பாறையில் ஒட்டினால் மற்றதையெல்லாம் மூடிவிடும்.

மூடிவிடும் என்றால் என்ன என்பதை நம் கடலே காட்டியிருக்கிறது. தொழிலுக்காகப் பாக் விரிகுடாவில் வளர்க்கக் கொண்டுவந்த கப்பாபைகஸ் என்னும் வேற்றுநாட்டுக் கடற்பாசி குருசடைத் தீவின் பவளங்கள் மேல் படர்ந்து அவற்றை மூச்சடைத்ததை 2008-ல் ஆய்வாளர்கள் பதிவுசெய்தார்கள். பெருங்கடலிலேயே சேராத ஒன்றைச் சேர்த்தால் இந்த விளைவு. நான்கு கண்ணாடிச் சுவருக்குள் எப்படி இருக்கும் என்று நினைத்துப்பாருங்கள்.

பவளத்தில் மனிதனுக்கும் ஓர் ஆபத்து உண்டு. வீட்டில் குழந்தை இருப்பவர்கள் கவனியுங்கள். பூப்பூவாக அழகாக இருக்கும் ஜோயாந்திட் வகைகள் சிலவற்றில் பாலிடாக்சின் என்னும் கொடிய நஞ்சு இருக்கிறது. கையுறையும் கண்ணாடியும் இல்லாமல் வெட்டாதீர்கள். அது ஒட்டிய பாறையைச் சுத்தம் செய்கிறேன் என்று கொதிக்கவைக்கவே கூடாது. ஆவியை மூச்சில் இழுத்து மருத்துவமனையில் சேர்ந்த குடும்பங்கள் வெளிநாடுகளில் உண்டு.

எதை வாங்கினாலும் நேராகப் பெரிய தொட்டியில் விடாதீர்கள். இரண்டடித் தொட்டி ஒன்றைத் தனியே வைத்து நான்கு முதல் ஆறு வாரம் புது மீனை அதில் வையுங்கள். கடல் மீனின் வெள்ளைப் புள்ளி நோய்க்குக் காரணமான ஒட்டுண்ணி மீனைவிட்டு இறங்கி, மணலில் கூடு கட்டிப் பெருகி, மறுபடி மீனைத் தேடிவரும். அதைக் கொல்லும் செம்பு மருந்து பவளத்தையும் இறாலையும் சேர்த்தே கொல்லும். பெரிய தொட்டியில் நோய் நுழைந்துவிட்டால் மருந்து போட வழியில்லை. இந்த ஆறு வாரப் பொறுமைதான் தொட்டி வைப்பதில் பாதி.

இன்னொன்று. வளர்க்க முடியாமல் போன மீனைக் குளத்தில் விடுவது புண்ணியம் என்று நினைக்கிறோம். கோயில் குளத்து மீனுக்குப் பொரி போட்டு வளர்ந்த ஊர் நம் ஊர். உயிரிடம் இரக்கம் நமக்கு இயல்பு. ஆனால் கடல் மீனை நன்னீரில் விட்டால் உடனே சாகும். நன்னீர்த் தொட்டி மீனை விட்டால் வேறு கேடு. 'டேங்க் கிளீனர்' என்று வாங்கி, பெருத்ததும் ஏரியில் விட்ட மீன் இன்று தமிழ்நாட்டு நீர்நிலைகளில் பெருகி, மீனவர் வலையைக் கிழித்து, நம் கெண்டை, கெளுத்திக்கு இடமில்லாமல் செய்துவருகிறது. 1980-களில் ஃபுளோரிடாக் கடலில் தென்பட்ட இந்தோ-பசிபிக் சிங்கமீன் கரீபியக் கடல் முழுக்கப் பரவிவிட்டது. தொட்டியிலிருந்து விடப்பட்டதே அதற்குக் காரணம் என்று அறிஞர்கள் கருதுகிறார்கள். முடியவில்லை என்றால் வாங்கிய கடையிடமோ, தொட்டி வைத்திருக்கும் இன்னொருவரிடமோ கொடுங்கள். வாங்கும்போதே திரும்ப எடுத்துக்கொள்வாரா என்று கடைக்காரரிடம் பேசிக்கொள்ளுங்கள்.

நம் ஊர் ஆர்வலர்களிடம் ஒரு வேண்டுகோளோடு முடிக்கிறேன். சென்னை கொளத்தூரின் வண்ணமீன் சந்தைக்கு ஆளுக்கொரு நாள் தனித்தனியாகப் போவதைவிட, நாலைந்து பேர் சேர்ந்து பொரிப்பக மீனை மட்டும் மொத்தமாகத் தருவியுங்கள். தனிமைத் தொட்டியையும் சில்லரையும் சோதனைக் குப்பிகளையும் பகிர்ந்துகொள்ளுங்கள். கடையில் ஒவ்வொரு முறையும் மூன்று கேள்வி கேளுங்கள்: இது எங்கே பிறந்தது? என்ன தின்கிறது, என் கண்முன் தின்று காட்டுமா? இதற்குத் தாள் இருக்கிறதா? பதில் இல்லாத மீனை வாங்காமல் திரும்பிவாருங்கள். கேட்பவர் பத்துப் பேரானால் கடைக்காரர் மண்டபத்துக்குப் போன் செய்வார். அந்தப் போன் போகப்போக, மன்னார் வளைகுடாவின் பவளத்தில் கை வைக்கும் தேவை யாருக்கும் இருக்காது; அங்கே பொரிப்பகம் நடத்தும் குடும்பத்துக்கும் பிழைப்பு நிலைக்கும்.